அச்சகத்தில் இல்லாத தேதி

என் பாத்திரக் கடைக்குக் காலண்டர் ஆர்டர் கொடுக்க ஒவ்வோர் ஆகஸ்டிலும் விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போவேன். அங்கே நான் வழக்கமாகப் போகும் அச்சகத்தில் அடுத்த வருடத்து டைரிகளை பைண்டிங் செய்பவர் ஒருவர் இருக்கிறார். விரல்களில் காய்ந்த பசை, காதில் பென்சில். சொந்தமாக லோடு ஆட்டோ ஓட்ட வேண்டும், அதற்கு லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்பார். நான்கு வருடமாகக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

"லைசென்ஸ் எடுத்துட்டீகளா?" என்றேன்.

"இந்த வருசம்தான் முடிஞ்சு போச்சுல்ல அண்ணாச்சி. ஜனவரி ரெண்டாந்தேதி கண்டிப்பா போயிருவேன்."

கழித்துப் போட்ட டைரி ஒன்றை விரித்து, அந்தத் தேதிப் பக்கத்தில் பென்சிலால் 'லைசென்ஸ்' என்று எழுதியும் காட்டினார். வருடா வருடம் இதே கதைதான். எனக்குப் பொறுக்கவில்லை.

"முடிஞ்சு போச்சா? இன்னும் நாலு மாசம் கிடக்குய்யா! வண்டியில ஏறுங்க, இப்பவே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போவோம். மொதல்ல அதை அழிச்சிட்டு இன்னைக்குத் தேதியில எழுதுங்க!"

அவர் உடனே அழித்தார். டைரியை முன்னும் பின்னும் புரட்டினார். அடுக்கிலிருந்து இன்னொன்றை உருவிப் பார்த்தார்.

"இன்னைக்குத் தேதி எதுலயும் இல்லையே அண்ணாச்சி."

தலையில் அடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். அங்கேயும் அடுத்த வருடம்தான் தொங்கிக்கொண்டிருந்தது.