தனக்காகக் கேட்கக் கூடாது

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்க ரெண்டு பேர் வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, உதறி, நீளவாக்கில் மடித்து, பிறகு நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். பதினோரு வருஷமாக எனக்கு எதிர்ப்பக்கம் நிற்பது அக்காதான். கூடப் பிறந்தவள் இல்லை, என்னைவிட நாலு வயசு மூத்தவள், அவ்வளவுதான். துணி உலர்த்தும் இயந்திரங்கள் போடுகிற இரைச்சலில் தள்ளி நின்று பேசினால் ஒன்றும் காதில் விழாது. முனை சேர்க்கிற நேரத்தில்தான் பேச முடியும். அதனால் அக்காவின் கதை எனக்குத் துண்டு துண்டாகத்தான் வந்து சேர்ந்தது. ஒரு விரிப்புக்கு ஒரு வாக்கியம். அவள் எரிச்சலில் இருக்கிற நாளில் ரெண்டு.

இந்த ரெண்டு வருஷமாகத் தினமும் ரெண்டுதான்.

அக்கா அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இருபத்தொரு வயசில் கல்யாணம். வீட்டுக்காரர் கட்டடங்களுக்குச் சாயம் அடிக்கிறவர். எல்லோருக்கும் அவர் பெயிண்டர். அவர் நெட்டை, அக்கா குட்டை. தன் உடம்பைவிடப் பெரிய மூட்டையைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று போகிறாள், குறுக்கே வந்தால் கடிக்கிறாள் என்று அவளுக்குக் கட்டெறும்பு என்று பேர் வைத்தவரும் அவர்தான். வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டால் அக்கா திரும்பியும் பார்க்க மாட்டாள். பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஒரே ஒரு விரிப்புக்குத்தான் பேசியிருக்கிறாள்.

கல்யாணமான முதல் வாரமே பெயிண்டர் அந்த வீட்டில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ரெண்டு பேரும் கட்டில் விளிம்பில் உட்கார வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டு ஆண்டவரிடம் பேச வேண்டும். அவர் அவளுக்காகக் கேட்பார், அவள் அவருக்காகக் கேட்பாள். தனக்காக யாரும் எதுவும் கேட்கக் கூடாது. தனக்காகக் கேட்கிறவன் கொஞ்சம் பொய்யும் சேர்த்துக் கேட்பான் என்பது அவர் கட்சி. சண்டை போட்ட நாளிலும் இது நிற்காது. அன்றைக்குச் சண்டையே ஆண்டவர் வழியாகத்தான் நடக்கும். இவளுக்கு உப்பைப் பார்த்துப் போடுகிற புத்தியைக் கொடுங்கள் என்று அவர் கேட்பார். இவருக்கு நாக்கைக் கொஞ்சம் குட்டையாக்குங்கள் என்று அவள் கேட்பாள். அதோடு எழுந்து ஒரே தட்டில் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் வேலைக்குப் போய்விடுவார்கள். இதையெல்லாம் அக்கா திட்டுகிற மாதிரிதான் என்னிடம் சொல்வாள். முகம் மட்டும் வேறு மாதிரி இருக்கும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்துச் சுவருக்குச் சாயம் அடிக்கும்போது ஏணி சறுக்கி அவர் விழுந்தார். தலையில் அடி. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே மூன்றாம் மாடியில் நாற்பது நாள் கிடந்தார். கண் திறந்தார், பேசினார், நடந்தார். பழைய கேலிகூடத் திரும்பி வந்தது. பெண்டாட்டியின் முகம் மட்டும் வரவில்லை.

தனக்குப் பெண்டாட்டி இருக்கிறாள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வேலைக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள். எதிரில் தட்டோடு நிற்கிறவள் யாரோ ஒரு அம்மா. ஞாபகம் வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம், அவரிடம் வாதாட வேண்டாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அக்கா வாதாடாமல் இருப்பாளா. கல்யாணத்தன்று எடுத்த போட்டோவைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள். அவர் ஆசை ஆசையாகப் பார்த்துவிட்டு, "ஆமா, இவதான். உங்களுக்கு இவளைத் தெரியுமா?" என்று கேட்டார்.

மனுஷன் தங்கமானவர், அதுதான் பெரிய தொந்தரவாகப் போயிற்று. அக்காவை 'ஏம்மா' என்பார், 'வாங்க, போங்க' என்பார். கையைப் பிடித்து எழுப்பப் போனால் கூசி விலகுவார். குளிப்பாட்ட அவள் போகக் கூடாது. வீட்டுக்காரி வந்து பார்த்தால் என்ன நினைப்பாள் என்பார். அதற்காக அவருடைய தம்பி, அதாவது அக்காவின் கொழுந்தனார், வாரத்துக்கு மூன்று நாள் வந்து போனார். விளக்கு வைத்ததும் பெயிண்டர் தன் அறைக் கதவைத் தாழ் போட்டுக்கொள்வார். அக்கா தன் வீட்டிலேயே அடுப்பங்கரைப் பக்கம் பாயை விரித்துப் படுத்தாள்.

"இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தின ஆள் என்னைப் பாத்து வெக்கப்படறார். இவரு இவ்வளவு யோக்கியமா இருக்காரேன்னு நான் சந்தோஷப்படணுமா, தலையில அடிச்சுக்கணுமா, நீயே சொல்லு" என்றாள் ஒரு நாள். நான் முனையைச் சேர்த்துக் கொடுத்தேன்.

சலவைக்கூடத்திலும் அவளுக்குப் பேர் கிடையாது. எங்கள் மேஸ்திரி ஆளை மேசையை வைத்துத்தான் கூப்பிடுவார். ரெண்டாம் மேசை, இங்கே கறை போகவில்லை. ரெண்டாம் மேசை, இன்னும் நூறு வேண்டும். முன்பு அதற்கெல்லாம் அக்கா வாய்க்குள் ஒரு பதில் வைத்திருப்பாள். இப்போது அதற்கும் தெம்பில்லை. வீட்டில் வேலைக்காரி, இங்கே மேசை, ரெண்டுக்கும் நடுவில் நடந்து போகிற நேரத்தில்தான் நான் நானாக இருக்கிறேன், அது மொத்தம் இருபது நிமிஷம் என்றாள்.

ஜெபமும் நின்றுபோயிற்று. தனியாக உட்கார்ந்து பார்த்தாளாம். அவருக்காகக் கேட்டுத்தான் அவளுக்குப் பழக்கம். கேட்க வாயைத் திறந்தால், என் வீட்டுக்காரருக்கு என்று தொடங்க வேண்டும். அவரே இல்லை என்கிற உறவை ஆண்டவரிடம் எப்படிச் சொல்வது என்று கோபம் கோபமாக வருமாம். பாதியில் எழுந்து பாத்திரம் தேய்க்கப் போய்விடுவாளாம். ஆறுதல் சொல்ல வந்த ஒரு பெண், கடவுள் உன்னைச் சோதிக்கிறார் என்று சொல்லியிருக்கிறாள். அக்கா, "சோதிக்கட்டும். பேப்பரைத் திருத்தியாவது குடுக்கட்டும். ரெண்டு வருஷமா கட்டி வச்சிருக்காரு" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் பிறகு வரவில்லை.

கொழுந்தனாருக்கும் அலுத்துப் போயிற்று. அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் முதுகு வலி. அவருடைய மனைவிதான் பேச்சை எடுத்தாள். ஊருக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கிறது, இடம் கிடைப்பது கஷ்டம், சொல்லி வைத்துக் கிடைத்திருக்கிறது என்றாள். பேச்சோடு பேச்சாக, அவருக்கு யாரென்றே தெரியவில்லை, அங்கே யார் சோறு போட்டால் என்ன, இங்கே நீ போட்டால் என்ன அக்கா என்றும் கேட்டுவிட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி முள் மாதிரி உள்ளே போய்விட்டது. நானும் சும்மா இருக்கவில்லை. அக்காவின் மணிக்கட்டு வீங்கியிருந்ததைப் பார்த்து, அனுப்பிவிடுங்கள் என்றேன். அன்று முழுக்க முனை சேர்க்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அவளாகவே சொன்னாள். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு இல்லத்து ஆள் படிவத்தோடு வருகிறான். கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் நான் இருக்க வேண்டும்.

எட்டு மணிக்குப் போனேன். வாசல் பக்கம் ஒரு பையில் அவர் சட்டைகளை மடித்து வைத்திருந்தாள். ஆஸ்பத்திரி மடிப்பு. அவர் அறை தாழ் போட்டிருந்தது. தினமும் இந்த நேரத்துக்கு இப்படித்தான், கேட்டால் வேலை இருக்கிறது என்பார், என்ன வேலையோ என்று அக்கா முணுமுணுத்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு அடுப்பும் குழாயும்தான் உலகம். தவிர, சலவைக்கூடத்து இரைச்சலில் எங்கள் ரெண்டு பேர் காதும் பாதி போய்விட்டது.

நான் கதவைத் தட்டிக் கூப்பிட்டேன். புதுக் குரல் கேட்டு அவர் திறந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. யார் என்று கேட்டார். சலவைக்கூடத்திலிருந்து வருகிறேன் என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. அப்படியானால் என் வீட்டுக்காரியோடு வேலை செய்கிறவரா, அவள் நன்றாக இருக்கிறாளா, மணிக்கட்டு வலி எப்படி இருக்கிறது என்று அடுக்கினார். நன்றாக இருக்கிறாள் அண்ணே என்றேன். அவள் என் முதுகுக்குப் பின்னால் தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தாள்.

"நல்ல சமயத்துல வந்தீங்க. அவளுக்காகக் கேக்க உக்காந்தேன். தெனமும் நான் பாட்டுக்குக் கேட்டுட்டு எந்திரிச்சிடறேன், எனக்காகக் கேக்க ஆள் இல்ல. நீங்க ரெண்டு பேரும் உக்காருங்க" என்றார்.

ரெண்டு வருஷம் கழித்து அக்கா அந்தக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கடைசி ஓரத்தில், எந்த நேரமும் எழுந்துவிடுகிற மாதிரி.

அவர் கண்ணை மூடினார். "ஆண்டவரே, என் கட்டெறும்பு இன்னும் வீட்டுக்கு வரல. ஈரத் துணியோட நின்னு அவ கை வீங்கிப் போகும், வாய விட்டுச் சொல்ல மாட்டா, நீங்கதான் பாத்துக்கணும். நான் ஏதோ தப்புப் பண்ணியிருக்கேன் போல, என்னன்னு புரியல. அவளை நான் மறந்துட்டேன்னு மட்டும் அவ நெனச்சிடக் கூடாது." அதோடு விடவில்லை. "இந்த வீட்டுல இன்னொரு அம்மா இருக்காங்க. கோவக்காரங்க. சோத்தைக் குழைய விட்டுடறாங்க. ஆனா நான் ஒரு இருமல் இருமினா ஓடி வர்றாங்க. அவங்களுக்குன்னு கேக்க யாரும் இருக்கற மாதிரி தெரியல. அதனால நானே கேக்கறேன். அவங்களையும் கைவிடாதீங்க."

முடித்துவிட்டுக் காத்திருந்தார். எங்கள் முறை.

அக்கா பேசினாள். சண்டைக் குரலில்தான். "ஆண்டவரே, நான் யாருன்னு உங்களுக்காவது தெரியுமா? இவருக்குத் தெரியல. எனக்கே மறந்து போகுது."

குரலை வைத்து அவர் கண்டுபிடித்துவிடுவார் என்று ஒரு நொடி நினைத்தேன். அப்படியெல்லாம் நடக்கவில்லை. கண்ணைத் திறக்காமலே, பொறுமையாக, "தனக்காகக் கேக்கக் கூடாதும்மா. இந்த வீட்டு வழக்கம்" என்றார்.

அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று பக்கத்தில் இருந்த எனக்கே தெரியவில்லை. செம்பைத் தரையில் வைத்தாள். கட்டில் ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தாள். பிறகு, "இவருக்குச் சட்டைப் பொத்தானைப் பாத்துப் போடற புத்தியைக் குடுங்க. குழைஞ்ச சோறு டாக்டர் சொன்னதுன்னு இவருக்குப் புரிய வைங்க. இவருக்கு வலி இல்லாம வைங்க" என்று வரிசையாகக் கேட்டாள். ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்துக் கேட்டாள். இல்லத்து ஆள் வாசலில் செருப்பைக் கழற்றுகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் நல்ல பையன்தான், அவசரத்தில் இருந்தான். கட்டிலிலேயே உட்கார்ந்து படிவத்தை எடுத்து, நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டான்.

"சம்சாரம்" என்றாள் அக்கா.

பெயிண்டர் சங்கடத்தோடு குறுக்கிட்டார். அவன் தவறாக எழுதிவிடக் கூடாது என்கிற கவலை அவருக்கு. தன் சம்சாரம் வேலைக்குப் போயிருக்கிறாள், இவர்கள் வீட்டில் உதவிக்கு இருக்கிறவர்கள் என்று விளக்கினார். இந்த இடத்தில் அக்கா எத்தனை முறை கத்தியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அன்று கத்தவில்லை. படிவத்தை அவன் கையிலிருந்து வாங்கி, மடித்து, அவனிடமே கொடுத்தாள்.

"வேண்டாம் தம்பி. அவர் இங்கயே இருக்கட்டும்."

இதற்காக எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் தெரியுமா, திரும்பக் கேட்டால் கிடைக்காது என்று அவன் எரிச்சல்பட்டான். தெரியும் என்றாள்.

கொழுந்தனார் ரெண்டு வாரம் பேசவில்லை. அவர் மனைவி, அடையாளம் கண்டுபிடித்துவிட்டாரா என்று மட்டும் கேட்டனுப்பினாள். இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு கொழுந்தனாரே ஒரு நாள் துண்டோடு வந்து, குளிப்பாட்டிவிட்டு, சாப்பிடாமல் போனார்.

ஏன் அனுப்பவில்லை என்று எனக்கு அக்கா சொன்னது அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை. ஒரு விரிப்புக்கு அடங்காத பேச்சு, அதனால் பிடித்தபடியே நின்றுவிட்டாள், மேஸ்திரி ரெண்டாம் மேசை என்று கத்தியும் விடவில்லை. "இவருக்கு நான் ரெண்டு பொம்பளை. ஒருத்தி வரவே மாட்டேங்கறா, ஒருத்தி போகவே மாட்டேங்கறா. ஆனா ரெண்டு பேரையும் ஒரே இடத்துலதானே ஒப்படைச்சிட்டிருந்திருக்கார், கதவைச் சாத்திக்கிட்டு, எனக்குத் தெரியாம. அங்க நான் ஒரே ஆளுதான். ஆண்டவருக்குக் குழப்பமே இல்ல." சொல்லிவிட்டு, எனக்குத்தான் ரெண்டு வருஷமாக யாரும் சொல்லவில்லை என்று அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டாள்.

இப்போது தினமும் காலையில் கதவு திறந்திருக்கிறது. அந்த அம்மாவும் வந்து உட்காரலாம் என்று அனுமதி. மற்றபடி எதுவும் மாறவில்லை. விளக்கு வைத்தால் தாழ் விழுகிறது. பாய் அடுப்பங்கரையில்தான். மணிக்கட்டு வீக்கமும் அப்படியே. ஆனால் அந்த அரை மணி நேரம் முடிந்து வருகிறபோது அக்கா நிமிர்ந்து வருகிறாள், அதை நான் பார்க்கிறேன்.

நேற்றுக்கூட முனை சேர்க்க வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது. என்ன என்றேன். "காலைல கேக்கறார், என் கட்டெறும்பு வர்ற வரைக்கும் இந்தம்மாவை எங்கயும் அனுப்பிடாதீங்க ஆண்டவரேன்னு."

நல்லதுதானே அக்கா என்றேன்.

"அவ வந்ததும் என்னை அனுப்பிடுவாராமா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த விரிப்பைப் படாரென்று உதறினாள்.