சந்தையில் சிம் விற்றவர்

கீரமங்கலம் சந்தையில் குடையின் கீழ் சிம் விற்றவர்தான் என் முதல் ஸ்மார்ட்போனைத் தேர்ந்தெடுத்துத் தந்தார். தேய்த்த சட்டை, நகம் வெட்டிய சுத்தமான கைகள். பேசப்பேச ரேகை மெஷினைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒங்க ஊருல எந்த டவர் எடுக்குதுக்கா? வெல கூடுன போனெல்லாம் வேணாம், இது போதும். முடிஞ்சப்ப ரீசார்ஜ் போட்டுக்கங்க."

சிம்முக்காக என் கட்டைவிரலை மூன்று முறை வைக்கச் சொன்னார்.

"இன்னுமா விழல?" என்றேன்.

"களை பறிச்ச கை, ரேகை தேஞ்சிருச்சுக்கா."

வெட்கத்தில் தலை குனிந்தபடி வைத்தேன்.

நேற்று போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். என் பேரில் மூன்று சிம் இருக்கிறதாம். மற்ற இரண்டிலிருந்து யாரோ பலரை ஏமாற்றியிருக்கிறார்கள்.

"வித்த ஆளு எப்படிம்மா இருப்பான்?"

கூச்சத்தில் அன்று நான் சிம் விற்றவரின் முகத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"நல்ல மாதிரியாத்தான் பேசுனாருங்க," என்றேன்.

அதைப் போலீஸ்காரர் எழுதிக்கொள்ளவில்லை. நாளை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்.