டிக்கெட் ஜன்னலோரத்து இடம்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் விருத்தாசலம் வந்து அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்கலாம். சத்தியமாக நடந்தது இது. போன ஆடி மாதம், பட்டப்பகலில்.

ஊர் எல்லையில் மீட்டர்கேஜ் காலத்துக் குட்டி ரயில் நிலையம் ஒன்று. ரயில் நின்றுபோனதும் கொஞ்ச காலம் உரக் கிடங்காக இருந்தது. இப்போது பீங்கான் பொம்மைப் பட்டறை. டிக்கெட் கொடுத்த அறையில்தான் பொம்மைக்குக் கண் எழுதுவார்கள். டிக்கெட் ஜன்னலை வெளிப்பக்கம் செங்கல் வைத்து அடைத்தாயிற்று. உள்ளே மரக்கதவு மட்டும் மிச்சம். அதன் பக்கத்து இடம் ஒன்பது வருடமாகக் கொளஞ்சியம்மாளுடையது.

புதிதாக வந்த வளர்மதிக்கு அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டார் முதலாளி மணிபாரதி. கொளஞ்சிக்கு இனி வளர்மதியின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, கண் எழுதிய பொம்மைகளை வெள்ளைப் பூச்சில் முக்கியெடுக்கும் வேலை. பூச்சுக்குள் போய்விட்டால் கண் இருக்கிறதா இல்லையா என்பது பூச்சு வெந்து கண்ணாடியாகிச் சூளை பிரிக்கும்வரை யாருக்கும் தெரியாது.

அவளுக்கு வயிறு எரிந்தது. அப்படி என்ன எழுதிவிட்டாள் இந்தச் சின்னப் பெண்?

மணி 12.50. எல்லோரும் வெளியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கொளஞ்சி ஈரத்துணியோடு உள்ளே நுழைந்தாள். வளர்மதி எழுதிய நாற்பது பொம்மைகள். ஒன்றின் கண்ணைத் துடைத்தாள். பூச்சில் முக்கினாள். இரண்டு. மூன்று. சொல்லப்போனால் இனித்தது.

நான்காவதை முக்கி வைத்தாள்...

டக்.

ஜன்னல் கதவில்.

டக்... டக்...

"யாரு?"

மரக்கதவு விரற்கடை அளவு திறந்தது. பின்னால் செங்கல் இல்லை. இருட்டு.

"மிச்சத்த நான் பாத்துக்கிறேன். நீ போ."

பெண் குரல். எங்கோ கேட்ட குரல்.

ஓடினாள்.

1.15க்கு எல்லோரோடும் சேர்ந்து திரும்பி வந்தாள். கதவு சாத்தியிருந்தது. மிச்சம் முப்பத்தாறு பொம்மைகளுக்கும் கண் இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத்தான் முக்கினாள்.

மூன்றாம் நாள் சூளை பிரித்தார்கள். நாற்பதுக்கும் கண் இல்லை.

மணிபாரதி கத்தித் தீர்த்தார். வளர்மதி அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இடம் மறுபடி கொளஞ்சிக்கு. மனசு கேட்காமல் கொளஞ்சி வாசல்வரை கூடப் போனாள்.

"கோவிச்சுக்காத புள்ள..."

"இல்லக்கா. போறதே நிம்மதியா இருக்குது. நான் வந்த நாள்லேருந்து தெனமும் பன்னெண்டு மணிக்கு, ஜன்னலுக்கு அந்தாண்டேருந்து 'எழுந்திரு, எடம் என்னுது'ன்னு ஒரு குரலு கேக்கும்."

"யாரு குரலு?"

வளர்மதி ஒருமுறை ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க குரலுதாங்க்கா. அப்ப நீங்க என் எதிர்லதான் உக்காந்து பொம்மை முக்கிகினு இருப்பீங்க... வாயே தொறக்காம."