கேபின் தூக்கமும் ஊட்டுத் தூக்கமும்

“டீச்சர், ரெண்டு லோடு வருது. ஒன்னுக்கு வாடகை மூணு பங்கு. எதை ஏத்துவீங்க?”

போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது!

கேட்டவர் செல்வராசு. நாமக்கல்லில் லாரி முதலாளி. ஏழாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவர். (அப்போதும் விடையை வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்பார்.)

லோடு என்று அவர் சொன்னது அவருடைய மகள் தாரணிக்கு வந்த வேலையை.

தாரணி விமானம் ஓட்டுகிறாள். இப்போது அவளுக்கு இரண்டு வேலைகள் வந்திருக்கின்றன. ஒன்று வெளிநாட்டு விமானக் கம்பெனி. தூர தேசங்களுக்குப் பறக்க வேண்டும். இன்னொன்று பெங்களூரில், பக்கத்து ஊர்களுக்குப் போய்த் திரும்பும் சின்ன விமானம். சம்பளம் முதல் வேலையில் மூன்று மடங்கு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

அவளுக்கு நான்கு வயதில் ஒரு மகன். கணவர் பெங்களூரில் வேலை பார்க்கிறார்.

“நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர், தாரணி அம்மிணி உங்க பேச்சைக் கேக்கும்” என்று செல்வராசு போனில் கூப்பிட்டார். சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஆட்டோ பிடித்து, பஸ் மாறி, வெயிலில் போய் இறங்கினேன்.

அங்கே போன பிறகுதான் தெரிந்தது, அவருக்கு வேண்டியது என் வார்த்தை இல்லை. அவர் வார்த்தைக்கு என் தலையாட்டல்!

சரி, பொறுமையாக ஓர் உதாரணம் சொல்லிப் பார்த்தேன்.

“செல்வராசு, பரமத்தி வேலூர் வெத்தலை வாங்கறப்ப கட்டு பெருசா இருக்குதுன்னு மட்டும் பாத்தா வாங்குவே? வாடியிருக்குதான்னும் பாப்பேல்ல?”

“வெத்தலை யாவாரம் இப்ப ரொம்ப டல்லுங்க டீச்சர்.”

(இத்தனை வருடம் உதாரணம் சொல்லியே பிழைத்தவளுக்கு இப்படி ஒரு மாணவன்!)

விமான வேலை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் தாரணியிடமே கேட்டேன். “கண்ணு, சாதாரண செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஆறு மணி. அந்த வேலைன்னா எங்க இருப்பே? இந்த வேலைன்னா எங்க இருப்பே?”

அவள் யோசிக்கவே இல்லை.

“அந்த வேலைன்னா ஏதாச்சும் ஒரு ஊர் ஓட்டல்ல, ஸ்கிரீனை இழுத்து மூடிட்டுத் தூங்கிட்டு இருப்பனுங்க டீச்சர். அங்க பகலா ராத்திரியான்னுகூடத் தெரியாது. இதுன்னா விடியக்காலம் கெளம்பறதுதான் கஷ்டம். ஆனா முக்காவாசி நாள் அந்நேரத்துக்கு ஊட்ல இருப்பேன். பையன் முதுகு மேல ஏறி உக்காந்திருப்பான்.”

“ரெஸ்ட் குடுப்பாங்கல்ல? அஞ்சு நட்சத்திர ஓட்டல்லயே குடுக்கறானாமா!” என்றார் செல்வராசு.

“குடுப்பாங்க, நெறையவே குடுப்பாங்க. ஆனா அங்கதானுங்கப்பா குடுப்பாங்க. இங்க இல்ல.”

“சம்பாதிக்கற வயசுல சம்பாதிக்கோணும் அம்மிணி. வண்டி நின்னா நட்டம்!”

உள்ளிருந்து அவர் மனைவி சரோஜாவின் குரல் வந்தது. “தாரணிப் பாப்பாவுக்கு மொட்டை போட்டுக் காது குத்துனப்ப இவரு நாக்பூர்ல வண்டியோட நின்னாருங்க டீச்சர். கேளுங்க, அதுல என்ன லாபம் வந்துதுன்னு!”

“நீ காப்பியப் பாரு!”

இப்படியே ஒரு மணி நேரம். எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. ஒரு கட்டத்தில்தான் உண்மை வெளியே வந்தது.

“கெடா வெட்டுல பங்காளிக அத்தனை பேருகிட்டயும் சம்பளத்தைச் சொல்லிப்போட்டனுங்க டீச்சர்!”

அடப்பாவி! பெண் இன்னும் சரி என்றே சொல்லவில்லை. குலதெய்வம் கோயில் விருந்தில் இலை போட்டு அறிவித்தாகிவிட்டது!

அந்த நேரம் பார்த்து வாசலில் அவருடைய டிரைவர் பழனி வந்து நின்றான். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. அப்போதுதான் மும்பையிலிருந்து வண்டியைக் கொண்டுவந்து விட்டிருக்கிறான்.

“முதலாளி, ஈரோட்ல மறுலோடு ரெடியா இருக்குதுங்க. நல்ல வாடகை. சாவியக் குடுத்தீங்கன்னா இப்பவே கெளம்பிருவேன்.”

செல்வராசு வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி வந்ததும் சாவி வாசலோர ஆணிக்குப் போய்விடும். டிரைவர் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து வந்தால்தான் ஆணியை விட்டு இறங்கும்.

“சாவியெல்லாம் கெடையாது. போய்த் தூங்கு.”

“கேபின்லயே செத்த படுத்துக்கறனுங்க.”

“கேபின் தூக்கம் ஒரு தூக்கமாடா? ஊட்டுக்குப் போ. புள்ளைக மூஞ்சியப் பாரு. ஊட்டுத் தூக்கம் தூங்கிட்டு வா. லோடு போனா போகுது!”

பழனி முனகிக்கொண்டே போனான்.

நான் தாரணியைப் பார்த்தேன். தாரணி ஆணியைப் பார்த்தாள்.

“ஏனுங்கப்பா... ஓட்டல் தூக்கமும் கேபின் தூக்கந்தானுங்களே?”

“அது லாரி அம்மிணி! இது ஏரோப்ளேன்!”

(தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.)

சரோஜா காப்பியைக் கொண்டுவந்து டொக்கென்று வைத்தார். “ரெண்டையும் மனுசந்தானுங்க ஓட்டறான்.”

செல்வராசு காப்பியைக் குடித்து முடித்தார். எழுந்து போய், ஒழுங்காகத் தொங்கிய சாவியையே எடுத்துத் திரும்ப மாட்டினார்.

“செரி, பெங்களூருக்கே போ. பையனையும் அடிக்கடி இங்க கூட்டிட்டு வா.”

தாரணி எழுந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆனா ஒன்னு அம்மிணி. பங்காளிக யாராச்சும் கேட்டா, சம்பளத்தை மட்டும் வாயத் தொறந்து சொல்லிப்போடாத!”

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் யாருக்காவது இரண்டு வேலைகள் வந்திருந்தால், சம்பளத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே இருப்பாய் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.