மார்த்தாவை நண்டு பிடித்த வாரம்

கொடுக்கத்தான் வருகிறேன் என்று மூட்டை மூட்டையாகக் கொண்டுவரும். போகும்போது வந்ததைவிட அதிகமாக ஏற்றிக்கொண்டு போகும். அது என்ன? கப்பல் என்பீர்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் வேறு என்ன சொல்வார்கள்! விடை, தொண்டு செய்ய வரும் வெளிநாட்டுக்காரர். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் நான் அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளன். நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கியவர்களுக்கு என் தொழில் சுலபமாகப் புரியும்.

நான் கற்றுக்கொடுத்த வாக்கியம்

டென்மார்க்கிலிருந்து வந்த மார்த்தாவுக்கு இருபத்திரண்டு வயது. திருவொற்றியூர் குப்பத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித்தர வந்தாள். குப்பத்தாரோடு பழகுவதற்கு என்னிடம் ஒரு தமிழ் வாக்கியம் கேட்டாள். "எங்கே போறீங்க?" என்பதைக் கற்றுக்கொடுத்தேன். மறுநாள் விடியலில் கரைக்கு ஓடி, கடலுக்குக் கிளம்பிய ஒவ்வொருவரையும் சிரித்த முகத்தோடு அதையே கேட்டாள். கடலுக்குப் போகிறவரை அப்படிக் கேட்டால் அன்றைக்குத் தொழில் விளங்காது என்பது அங்கே நம்பிக்கை. தேசப்பன் என்ற மீனவரின் படகு அன்று கடலில் இறங்கவே இல்லை. அவர் நேராக என்னிடம் வந்தார்.

"இன்னா சார், நல்லா இட்டாந்து வுட்டே! இனிமே எங்க புள்ளைங்க ஒண்ணுகூட அந்தப் பக்கம் வராது."

கொடுக்கு

சொன்னபடியே ஆயிற்று. வகுப்பில் வண்ணப் பென்சில்கள் மட்டும் வரிசையாக இருந்தன. சனிக்கிழமைக்குள் ஒரு பிள்ளையாவது வராவிட்டால் மார்த்தாவை வேறு ஊருக்கு மாற்றிவிடுவோம் என்றது அவளை அனுப்பிய நிறுவனம். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ தேசப்பனின் மனைவி எல்லம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வலையில் சிக்கிய நண்டுகளை எடுக்கத் தொடங்கினாள். மூன்றாவது நண்டு விரலைப் பிடித்துக்கொண்டது. அவள் போட்ட கூச்சலில் குப்பமே கூடிவிட்டது. எல்லம்மா கொடுக்கை முறித்து விரலை விடுவித்தார்.

"இன்னாம்மா, உங்க ஊரு நண்டுக்குக் கொடுக்கே கெடயாதா?"

தொலைபேசியில்

விரலில் கட்டோடு தினமும் வலைக்குப் போனாள். வெள்ளிக்கிழமைக்குள் நண்டு எடுப்பதில் எல்லம்மாவின் வேகத்தில் பாதி அவளுக்கு வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் டோல்கேட் பக்கத்துத் தொலைபேசி பூத்திலிருந்து தன் அம்மாவைக் கூப்பிட்டாள். அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது. என்ன பேசினாய் என்று கேட்டேன். துள்ளிக்கொண்டே சொன்னாள்.

"இவர்களை முன்னேற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இங்கே ஒரு வேலையும் தெரியாத ஆள் நான் ஒருத்திதான். என்னைத்தான் யாராவது தத்தெடுக்க வேண்டும் என்று சொன்னேன்!"

சனிக்கிழமை

வகுப்புக்கு நேரம் நாலு மணி. மூன்றரைக்கே மார்த்தா வாசலில் நின்றாள். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். நாலடித்தது. நாலேகால் ஆயிற்று. தேசப்பன் தன் ஒன்பது வயது மகள் கலாவின் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் வந்தார். பின்னால் பத்துப் பதினைந்து பிள்ளைகள், கலா என்ன சொல்வாள் என்று பார்க்க. தேசப்பன் மகளைப் பார்த்தார்.

"வாரம் பூரா எங்கூட்டு வலையிலயே கெடந்துது இந்தப் பொண்ணு. நான் இன்னும் மொறச்சுகினு இருந்தா நல்லாவா கீது? நீயே சொல்லு கலா, படிக்கப் போறியா, வூட்டுக்கு வர்றியா?"

படிக்கப் போவதாகச் சொன்ன கலா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு வேண்டும் என்றாள்.