இரண்டு பத்துக்கும் இரண்டு இருபதுக்கும் நடுவே

வீடியோ எடிட்டிங் கடைகளில் அவளுக்கு ‘வழவழ’ என்று பட்டப்பெயர். பேச்சு அப்படி இல்லை. பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டாகத்தான் இருக்கும். அவள் கை பட்ட வீடியோ எதுவும் குலுங்காது, திக்காது, அதனால் வந்த பெயர். பள்ளி வேன் ஓட்டும் கணவர்கூட வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார். “வழவழ, சட்டினி மட்டும் ஏன் திப்பிதிப்பியா இருக்கு?” என்பார்.

நாற்பத்திரண்டு வயதில் அவளுக்கு ஒரு கட்டடக் கம்பெனி வேலை கொடுத்தது. பதினோரு மாடி அடுக்ககம். எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு கேமராவைப் பொருத்தி, பத்து நிமிடத்துக்கு ஒரு படமாக மூன்று வருடம் எடுத்து வைத்திருந்தார்கள். அத்தனையையும் கோத்துத் திறப்பு விழாவுக்கு நான்கு நிமிட வீடியோ ஆக்க வேண்டும். கட்டடம் மளமளவென்று வளர வேண்டும்; கடைசி மாடிக்குத் தளம் போட்ட நாள் மட்டும் நிதானமாக ஓட வேண்டும்.

நிதானமாக ஓட்டுவதில்தான் சூட்சுமம். பத்து நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் ஆட்கள் அங்கே இங்கே தாவுவார்கள். அந்தத் தாவலை மறைக்க, இரண்டு படங்களுக்கு நடுவே இருபத்து நான்கு படங்களை மென்பொருளே உண்டாக்கும். இந்தப் படத்தில் இங்கே இருந்த புள்ளி அடுத்த படத்தில் அங்கே இருக்கிறதா? அப்படியானால் இந்த வழியாகத்தான் போயிருக்கும் என்று கணக்குப் போட்டு வரையும். பத்து நிமிடம் ஒரு நொடியில் ஓடிவிடும்.

மென்பொருள் வேலையை முடித்ததும், கையில் காப்பியோடு உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தாள். பதினோராவது மாடியின் விளிம்பில் மஞ்சள் தொப்பியும் சிவப்புச் சட்டையுமாக ஒரு ஆள். அவர் விளிம்பைத் தாண்டி, சுவரை ஒட்டியபடியே, லிஃப்டில் வருவதுபோல ஒரே சீராகக் கீழே இறங்கினார். தரையைத் தொட்டதும் கூட்டம் அவரை மூடிக்கொண்டது.

காப்பி ஆறிப்போனது. உண்டாக்கிய படங்களை ஒதுக்கிவிட்டு, கேமரா எடுத்ததை மட்டும் வரிசையாகத் திறந்தாள். மதியம் இரண்டு பத்துக்கு அவர் விளிம்பில் நிற்கிறார். இரண்டு இருபதுக்கு விளிம்பு காலி. கீழே கூட்டம், கூட்டத்தின் கால்களுக்கு நடுவே ஒரு மஞ்சள் தொப்பி. நடுவில் எதையும் கேமரா பார்க்கவில்லை.

மறுநாள் கம்பெனி மேனேஜரிடம் கேட்டாள்.

“அதுவா? பாவம். சேஃப்டி பெல்ட் மாட்டாம போயிட்டாரு. வலையெல்லாம் கட்டித்தான் இருந்துச்சு, வலையத் தாண்டி விழுந்தா யாரு என்ன பண்ண முடியும்? அந்த ரெண்டு மணி நேரத்த எடுத்துடுங்க மேடம். நல்ல காரியத்துல அது எதுக்கு?”

திரும்பி வந்து மறுபடியும் பார்த்தாள். இரண்டு பத்துப் படத்தில் வலை இல்லை. இரண்டு இருபதிலும் இல்லை. இரண்டு ஐம்பது படத்தில்தான் பச்சை வலை முளைத்திருந்தது.

பார்த்த பிறகும் சொன்ன வேலையைச் செய்துகொடுத்தாள். இரண்டு மணிப் படத்தையும் நான்கு மணிப் படத்தையும் வழுவழுப்பாக இணைத்தாள். வெறும் விளிம்பில் வலை புல் முளைப்பதுபோல மெல்லத் தழைத்தது. விழாவில் எல்லோரும் கை தட்டினார்கள். அந்த இடம் வந்தபோது அவள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு அந்த மஞ்சள் புள்ளி அவளை விடவில்லை. மகள் மாடிப்படியில் இறங்கினால் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். அலமாரியிலிருந்து ஒரு டப்பா விழுந்தாலும், அது தரைக்கு வரும்வரை இருபத்து நான்கு டப்பாக்களைப் பார்த்தாள். பட்டப்பகலில், சந்தையில், சிவப்புச் சட்டை போட்ட யாராவது எதிரே வந்தால் ஒதுங்கி நின்று அண்ணாந்து மேலே பார்த்தாள்.

“என்ன ஆச்சு உனக்கு?” என்றார் கணவர். சொன்னாள்.

“வெளிய சொன்னா வம்புதான் வரும்,” என்றார் அவர். “ஆனா சொல்லாம இருந்தா நீ எனக்குக் கிடைக்க மாட்ட போலிருக்கே.”

கட்டடத்து வாட்ச்மேனிடம் கேட்டு, இறந்தவரின் மனைவியைத் தேடிப் போனாள். ஒரு சலவைக் கூடத்தில் ஆஸ்பத்திரிப் போர்வைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். இவள் அச்செடுத்துக் கொண்டுபோன மூன்று படங்களையும் நீராவிக்கு நடுவே நின்றபடியே வாங்கிப் பார்த்தாள்.

“பெல்ட் மாட்டலன்னு எழுதிட்டாங்க,” என்றாள். “வீட்ல பல்பு மாத்தவே ஸ்டூல இறுக்கிப் பிடிச்சுக்கோன்னு சொல்ற மனுஷன்க்கா அவரு.” இரண்டு பத்துப் படத்தின் மேல் விரலை வைத்தாள். “இதுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல?”

“நடுவுல கேமரா எடுக்கலம்மா.”

“நீங்க எதுவும் பாக்கலியா?”

“கேமரா பாக்காதத நான் எப்படிப் பாப்பேன்?”

வாய் சொல்லிவிட்டது. மென்பொருள் உண்டாக்கிய இருபத்து நான்கைப் பார்த்ததைச் சொல்லவில்லை.

அந்தப் படங்களை வைத்து அந்தப் பெண் போட்ட வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. சாட்சி சொல்ல வந்த இவளிடம் கம்பெனி வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்.

“இல்லாத படத்த உண்டாக்குறது உங்க தொழில். சரிதானே?”

“ஆமாங்க.”

“அப்போ வலை இல்லாத இந்தப் படமும் நீங்க உண்டாக்கினதா ஏன் இருக்கக் கூடாது?”

“கேமரா எடுத்த ஒவ்வொரு படத்துக்குள்ளயும் நாள், நேரம், வரிசை எண் இருக்கு. நான் உண்டாக்கினதுல எதுவும் இருக்காது. நிபுணரை வெச்சுப் பாத்துக்கோங்க.”

“இந்த ரெண்டு படத்துக்கும் நடுவுல நீங்க எதாவது உண்டாக்கினீங்களா?”

முன்வரிசையில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். இவள் அவளைப் பார்க்காமல், “ஆமாங்க. இருபத்து நாலு,” என்றாள்.

வெளியே வந்ததும், வாசல் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் அந்தப் பெண் வந்து நின்றாள். கோபம் இருக்கும் என்று இவள் நினைத்தாள். குரலில் கோபமே இல்லை.

“அந்த இருபத்து நாலுல அவரு எப்படிக்கா இருந்தாரு?”

“அது அவரு இல்லம்மா. மெஷின் போட்ட கணக்கு.”

“சும்மா சொல்லுங்க.”

“லிஃப்ட்ல வர்ற மாதிரி. ஒரே சீரா இறங்கினாரு.”

அந்தப் பெண் குழாயை மூடினாள். “அப்படி இறங்கியிருந்தா சாயங்காலம் வீட்டுக்கு வந்திருப்பாரு,” என்றாள். பிறகு தன் முந்தானையை எடுத்து நீட்டினாள். இவள் முகம் இன்னும் ஈரமாக இருந்தது.

நிபுணர் பார்த்து முடிக்க இரண்டு மாதம் ஆனது. கேமரா எடுத்த படங்களே உண்மை, வலை பிற்பாடுதான் கட்டப்பட்டது என்று தீர்ப்பு வந்தது. விபத்து அறிக்கையில் ‘பெல்ட் மாட்டாததால்’ என்ற வரியை அடித்துவிட்டார்கள். கட்டடக் கம்பெனிகள் அதற்குப் பிறகு அவளைக் கூப்பிடவில்லை. இப்போது பள்ளி ஆண்டு விழாக்களுக்கு வீடியோ செய்கிறாள். அந்த இருபத்து நான்கு படங்களையும் அழித்துவிட்டாள். அழித்து என்ன? கண்ணை மூடினால் ஒன்றுவிடாமல் வருகின்றன.

சில பகல்களில் பேருந்திலிருந்து இறங்கி அந்தக் கட்டடத்துக்கு எதிரே நிற்பாள். போன வாரமும் நின்றாள். பதினோராவது மாடி பால்கனியில் துணி காய்ந்தது. ஒரு பெண் வந்து கொடியிலிருந்து ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். கடைசித் துணிக்கு எட்டிக் கை நீட்டினாள். கீழே நின்றவள் தன்னை அறியாமல் இரண்டு கைகளையும் ஏந்தினாள். மேலே கதவு சாத்திய பிறகும் இறக்கவில்லை.