பதினேழாம் எண் ட்யூப்

சனிக்கிழமை மாலை ஆறு நாற்பதுக்குச் செய்தி வந்தது. அபிகாயிலின் எண்ணிலிருந்துதான் அழைப்பு. "சொல்லுடி" என்றேன். பேசியது அவள் அப்பா தியோடர். பேகம்பேட் மேம்பாலத்துக்குக் கீழே அவள் வண்டியில் லாரி மோதியதாகவும், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாகவும் சொன்னார். பிறகு, "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். ஏன் கேட்டார் என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

நாங்கள் இருவரும் பி.எஸ்ஸி. பயோடெக்னாலஜி மூன்றாம் ஆண்டு. லேபில் ஒரே மேசை. எனக்கு ரோல் நம்பர் பதினேழு, அவளுக்குப் பதினெட்டு. தாத்தா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கமிருந்து செகந்திராபாத் வந்த குடும்பம் அவளுடையது. அப்பாவுக்கு ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் வேலை. விடியுமுன் கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பவர். மகளை இன்ஜினியரிங்கில் சேர்க்க ஆசைப்பட்டார். "மெஷினெல்லாம் நக்கோ, வேணாம் டாடி, உயிரோட இருக்கறதைத்தான் படிப்பேன்" என்று இவள் இங்கே வந்து சேர்ந்துகொண்டாள். தயிரிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவுக்குத் தன் சித்தப்பா பெயரை வைத்தாள். தட்டில் பூசணம் படிந்து நாங்கள் முகம் சுளித்தால், "வந்த விருந்தாளியைத் துரத்தாதீங்கப்பா" என்பாள். ஞாயிறுதோறும் சர்ச் பாட்டுக் குழுவில் தாழ்ந்த பெண்குரலான ஆல்டோ பாடுவாள்.

விபத்துக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை நண்பகல், எங்களுக்குக் குரோமோசோம் பிராக்டிகல் இருந்தது. அவரவர் ரத்தத்தில் சில துளிகளை வளர்ப்புத் திரவத்தில் விட்டு, உடம்புச் சூட்டில் வைத்த இன்குபேட்டருக்குள் எழுபத்திரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். வெள்ளையணுக்கள் அதில் பெருகும். முடிய இரண்டு மணி நேரம் இருக்கையில் ஒரு மருந்தை விட்டால், பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் பாதியில் அப்படியே நின்றுவிடும். அப்போதுதான் குரோமோசோம்களை எண்ண முடியும்.

எனக்கு ஊசி என்றால் மயக்கம் வந்துவிடும். டெக்னீஷியன் நாராயணசாமி அபிக்கு ரத்தம் எடுத்து முடித்து ஏதோ வாங்கி வர வெளியே போனார்.

"ஏன்டி இவ்ளோ பயப்படுற? என்கிட்ட எடுத்ததே ரெண்டு பேருக்கும் வரும்" என்றாள் அபி.

"மேடம் கண்டுபிடிச்சா?"

"நீயும் பொண்ணு, நானும் பொண்ணு. குரோமோசோம்ல மூஞ்சியா தெரியப்போகுது?"

தன் ரத்தத்தையே என் ட்யூபிலும் விட்டாள். என் முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்துப் பிளாஸ்டரும் ஒட்டினாள். "எப்பவும் ரெண்டா வைக்கறது நல்லது. ஒண்ணு செத்தா ஒண்ணு இருக்கும்." லேபில் எல்லோரும் சொல்வதுதான் அது.

ஞாயிறு நான்கு மணிக்கு அடக்கம். பெட்டியை இறக்கும்போது பாட்டுக் குழு பாடியது. நான் மணியைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். ட்யூபை இன்குபேட்டரில் வைத்து ஐம்பத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. மண் விழும் சத்தம் கேட்டபோது, பூட்டிய லேபில், இருட்டுக்குள், அவள் ரத்தம் முப்பத்தேழு டிகிரியில் பெருகிக்கொண்டிருந்தது. குத்தாத இடத்தில் ஒட்டிய அந்தப் பிளாஸ்டர் அப்போதும் என் கையில் இருந்தது.

திங்கள் காலை எங்கள் பேராசிரியர் கமலா மேடம் அபியின் பதினெட்டாம் எண் ட்யூபை எடுத்து நாராயணசாமியிடம் கொடுத்தார். அவர் அதைப் பிளீச்சிங் கரைசலில் ஊற்றினார். சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. உண்மையைச் சொன்னால் பதினேழும் அங்கேதான் போகும். சொல்லாவிட்டால், அவளில் மிச்சமிருப்பதை நிறுத்தும் மருந்தை நானே விட வேண்டும்.

ட்யூபை எடுத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. பஸ்ஸில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்குவாளே, அந்தச் சூடு. பத்து மணிக்கு மருந்தை விட்டேன்.

மாலையில் அந்தச் செல்களை ஸ்லைடில் பரப்பி, மைக்ரோஸ்கோப் லென்ஸுக்குக் கீழே பார்த்தேன். ஒரு செல்லில் குரோமோசோம்கள் நாற்பத்தாறையும் எண்ண முடிந்தது. பத்து மணியை ஒட்டிப் பிரியத் தொடங்கி, பாதியில் நின்றது அது.

வியாழக்கிழமை அபியின் அம்மா சாரா ஆன்ட்டி அவளுடைய லேப் கோட்டை வாங்கிப்போக வந்தார். அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அவளுது வேற ஏதும் இங்க இருக்காடி?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கமலா மேடமும் அங்கேதான் இருந்தார்.

"இதை இப்பவா சொல்ற?" என்றார் மேடம்.

"திங்கக்கிழமை சொல்லியிருந்தா அதையும் ஊத்தியிருப்பீங்க, மேடம்."

மேடமே ஸ்லைடை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்து ஆன்ட்டியை உட்காரச் சொன்னார். ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"இது எப்பம் உள்ளது?"

"திங்கக்கிழமை காலைல, ஆன்ட்டி."

"ஞாயித்துக்கிழமைல்லா அடக்கம் பண்ணுனோம்." லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "நாம அவள அங்க தனியா விட்டுட்டு வந்தது இதுக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

"செல்லுக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்றார் மேடம்.

"யாரு பேரு போட்டிருக்கு?"

"என் பேரு, ஆன்ட்டி."

"அவ பேரப் போட்டு எனக்குத் தந்துரு."

மேடம் மதிப்பெண் பட்டியலில் என் பெயருக்கு நேரே பூஜ்யம் போட்டார். பிறகு, ஆன்ட்டிக்குக் கொடுப்பதற்காக, அந்தச் செல்லைப் படமெடுத்து, பெரிதாக அச்சிட்டு என்னிடம் கொடுத்தார்.

படத்திலிருந்து குரோமோசோம்களை ஒவ்வொன்றாகக் கத்தரித்து, ஜோடி சேர்த்து, பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாகத் தாளில் ஒட்ட வேண்டும். தாளின் தலைப்பில் அபிகாயில் தியோடர், பதினெட்டு என்று எழுதியிருக்கிறேன். தாள் முடிந்ததா என்று சாரா ஆன்ட்டி இரண்டு முறை போன் செய்து கேட்டுவிட்டார். இருபத்திரண்டு ஜோடிகளை ஒட்டியாயிற்று. பெண் என்று காட்டும் கடைசி ஜோடி, இரண்டு எக்ஸ், கத்தரித்தபடி ஒரு கவருக்குள் இருக்கிறது. அதை இன்னும் ஒட்டவில்லை.